சாலைசாரா ஊர்திகளின் கைக்கட்டுப்பாடுகளும் கைக்குறைபாடுள்ள ஓட்டுநர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மோட்டார் சைக்கிள், ஏடிவி முதலிய சாலைசாரா ஊர்திகளை இயக்குவதற்கு இரு கைகளும் பத்து விரல்களும் முழு வலிமையோடு இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. ஆக்சிலேட்டர், கிளட்ச், முன் பிரேக் ஆகிய மூன்றும் கைப்பிடியில் அமைந்திருப்பதே இவ்வெண்ணத்திற்குக் காரணமாகும். இவ்வமைப்பு இயந்திரத்தின் இயல்பிலிருந்து தோன்றியதன்று. ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் படிப்படியாக உருவாகி, 1974ஆம் ஆண்டின் அமெரிக்க விதியால் உறுதிப்பட்ட ஓர் உடன்பாடு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கையின் சுமையைக் குறைத்த பல மாற்று அமைப்புகள் வரலாற்றில் இருந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மாற்றுத்திறனாளிகளை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் கைக்குறைபாடுள்ள ஓட்டுநர்களுக்கான தகவமைப்புகள் அம்மாற்றுகளின் மீதே கட்டப்பட்டன. அவ்வளர்ச்சியின் நிலைகளையும், தகவமைப்பில் கைவிடக்கூடாத நெறிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சாலைசாரா ஊர்தி, கைக்கட்டுப்பாடு, கைக்குறைபாடு, தகவமைப்பு, திருகுபிடி, தானியங்கு கிளட்ச், செயற்கைக் கை

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனைக் குதிரைத்திறன், எத்தனை வேகம், எந்த ஆண்டில் எந்தப் போட்டி வெல்லப்பட்டது என்பனவே அதன் செய்திகள். மனித உடல் இயந்திரத்தைத் தொடும் இடங்களான கைப்பிடி, லீவர், மிதி ஆகியவற்றின் வரலாறு குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளது. ஓர் ஊர்தியை யார் ஓட்டலாம், யார் ஓட்ட இயலாது என்பது முடிவாகும் இடமோ அதுதான். எஞ்சின் எவரையும் விலக்குவதில்லை, லீவர் விலக்குகிறது.

விரல் இழந்தவர், ஒரு கை முற்றிலும் இழந்தவர், பிறவியிலேயே கை வளர்ச்சி குன்றியவர், தோள்பட்டை நரம்புப் பின்னல் சிதைந்து கை தொங்கிப்போனவர், மூட்டழற்சியால் பிடிவலிமை குன்றியவர், தொடுவுணர்வு அற்றுப்போனவர் என ‘கைக்குறைபாடு’ என்னும் சொல் பல நிலைகளைத் தன்னுள் அடக்கியுள்ளது. இவர்களுள் தோள்பட்டை நரம்புப் பின்னல் சிதைவுக்கு மோட்டார் சைக்கிள் விபத்தே முதன்மையான காரணங்களுள் ஒன்று. கையைப் பறித்த ஊர்தியின் மீதே மீண்டும் ஏற விரும்புவோர் பலர். அவ்விருப்பத்தை வீம்பு என ஒதுக்கிவிடல் எளிது. ஆனால், பண்ணை, காடு, மலைப்பாதை ஆகியவற்றை நம்பி வாழ்வோர்க்குச் சாலைசாரா ஊர்தி விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, வேலைக்கருவியும் ஆகும். அதனை இழத்தல் தொழிலை இழத்தலுமாகும்.

இக்கட்டுரையில் ஆக்சிலேட்டர், கிளட்ச், பிரேக், கியர், கேபிள், லீவர் முதலிய சொற்கள் பட்டறைகளில் வழங்கும் வடிவிலேயே கையாளப்படுகின்றன. ‘சாலைசாரா ஊர்தி’ என்பது இங்கே கைப்பிடியால் திருப்பப்படும் மண்பாதை மோட்டார் சைக்கிளையும், மூன்று அல்லது நான்கு சக்கர ஏடிவியையும் முதன்மையாகக் குறிக்கும்.

1. இன்றைய அமைப்பில் கையின் பணிகள்

வழக்கமான மண்பாதை மோட்டார் சைக்கிளில் வலக்கை மூன்று பணிகளைச் செய்கிறது: கைப்பிடியைப் பற்றித் திசை திருப்புதல், மணிக்கட்டைச் சுழற்றி ஆக்சிலேட்டரைத் திறத்தல், விரல்களால் முன் பிரேக் லீவரை இழுத்தல். இடக்கை திசைதிருப்பலோடு கிளட்சையும் இயக்குகிறது. வலக்கால் பின் பிரேக்கையும் இடக்கால் கியரையும் கவனித்துக்கொள்கின்றன.

கெட்டிச்சாலையில் இப்பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழலாம். மண்பாதையில் அவை ஒரே கணத்தில் நிகழ்கின்றன. கல்லும் வேரும் நிறைந்த சரிவில் இறங்கும் ஓட்டுநர், முன்சக்கரம் தாவும் திசையை அடக்கிக்கொண்டே ஒரு விரலால் பிரேக்கை மெல்ல அழுத்தி, மறுகையால் கிளட்சைப் பாதி விடுவித்து, எஞ்சின் அணையாதபடி ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து வைத்திருத்தல் வேண்டும். இங்கே கைக்கு வேண்டுவன மூன்று தனித்தனித் திறன்கள்: பற்றும் வலிமை, நுட்பமாக அளந்து இழுக்கும் திறம், இழுவிசையை உணரும் தொடுவுணர்வு. ஒருவரிடம் இவற்றுள் ஒன்று மட்டும் குறைந்திருக்கலாம். தகவமைப்பு என்பது குறைந்த அத்திறனை அடையாளங்கண்டு, அதன் பணியை உடலின் வேறோர் உறுப்புக்கோ பொறிக்கோ மாற்றுவதாகும்.

2. உடன்பாட்டிற்கு முற்பட்ட காலம்

இன்றைய பணிப்பகிர்வு தொடக்கக் கால ஊர்திகளில் இல்லை. அமெரிக்கரான சில்வெஸ்டர் ரோப்பர் 1860களின் இறுதியில் அமைத்த நீராவி இருசக்கர ஊர்தியில், கைப்பிடியைத் திருகி நீராவியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருந்தது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் திருகுபிடியே பொதுவழக்காகிவிடவில்லை. கைப்பிடியில் பொருத்திய சிறு லீவர்களை விரலால் நகர்த்தி எரிபொருளையும் காற்றையும் தீப்பொறி எழும் நேரத்தையும் சரிசெய்யும் முறை, குறிப்பாகப் பிரித்தானிய ஊர்திகளில், நெடுங்காலம் நிலவியது.

அமெரிக்காவின் இரு பெரும் நிறுவனங்களே தம்முள் முரண்பட்டிருந்தன. ஹார்லி-டேவிட்சனில் ஆக்சிலேட்டர் வலக்கையில் இருந்தது. இந்தியன் நிறுவன ஊர்திகள் பலவற்றில் அது இடக்கையில் இருந்தது. இரண்டிலும் கியர் மாற்றும் தண்டு எரிபொருள் தொட்டியின் ஓரத்தில் அமைந்திருக்க, கிளட்சைக் கால் இயக்கியது. ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய ஊர்திகளில் கால் கியரையும் கைக் கிளட்சையும் 1952இல்தான் அறிமுகப்படுத்தியது. தொட்டியோரக் கியர்த்தண்டை அதற்குப் பின்னும் சிலர் விரும்பிக் கேட்டு வாங்கினர்.

கைக்குறைபாட்டின் நோக்கில் இப்பழைய அமைப்பைக் காணும்போது ஒரு செய்தி புலனாகிறது. தொட்டியோரத் தண்டை உள்ளங்கையாலோ மணிக்கட்டாலோ தள்ளலாம். அதற்கு விரல்கள் மடங்க வேண்டியதில்லை. காற்கிளட்சுக்குக் கையே தேவையில்லை. அதாவது, இடக்கை விரல்களை இழந்த ஒருவர் 1930களின் ஹார்லி ஒன்றை, இன்றைய புதிய ஊர்தியைவிடக் குறைந்த மாற்றங்களோடு ஓட்டியிருக்கக்கூடும். கியர் மாற்றும் கணத்தில் ஒரு கையால் திசைதிருப்ப வேண்டியிருந்தமை அதன் குறை; கரடுமுரடான நிலத்தில் அது பெருங்குறையே.

அக்குறையைத் தீர்க்கும் முயற்சி பந்தயக்களத்திலிருந்து வந்தது. பிரித்தானியாவின் வெலோசெட் நிறுவனத்தில் ஹரால்ட் வில்லிஸ் 1920களின் இறுதியில் உருவாக்கிய காற்கியர் அமைப்பு, ஒவ்வோர் உதைக்கும் ஒரே ஒரு கியர் மாறி மிதி தன்னிலைக்குத் திரும்பும்படி அமைந்தது. கைகள் இரண்டும் கைப்பிடியை விட்டகல வேண்டாமென்பதே அதன் நன்மை. அதன் மறுபக்கமும் கருதத்தக்கது. கியர் காலுக்குப் போனபின் கிளட்ச் கைக்கு நிலையாக வந்து சேர்ந்தது. இரு கைகளும் எப்போதும் கைப்பிடியிலேயே இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு, அக்கைகளுக்கு மேலும் மேலும் பணி கொடுக்க இடந்தந்தது.

3. 1974: உடன்பாடு விதியாதல்

1970களின் தொடக்கம் வரை பிரித்தானிய ஊர்திகளில் கியர் வலக்காலிலும், ஜப்பானிய ஊர்திகளில் இடக்காலிலும் இருந்தன. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறினால், பிரேக் என எண்ணிக் கியரை மிதிக்கும் ஆபத்து இருந்தது. இதனைத் தவிர்க்க அமெரிக்க அரசு வகுத்த ஊர்திப் பாதுகாப்பு விதி 123, 1974 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வலக்கைப்பிடியில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், இடக்கைப்பிடியில் கிளட்சும், வலக்காலில் பின் பிரேக்கும், இடக்காலில் கியரும் இருத்தல் வேண்டும் என அது வரையறுத்தது. கையை விட்டதும் ஆக்சிலேட்டர் தானே மூடிக்கொள்ளுதல் வேண்டும் என்பதும் அதன் கூறுகளுள் ஒன்று.

அமெரிக்கச் சந்தையை இழக்க விரும்பாத பிரித்தானிய நிறுவனங்கள் தம் கியர் அமைப்பை இடப்பக்கம் மாற்றின. அந்த நெருக்கடி இல்லாத இடங்களில் பழைய வழக்கம் நீடித்தது. 1955 முதல் சென்னையில் உருவாக்கப்பட்டுவந்த என்ஃபீல்டு புல்லட்டில் வலக்காற்கியர் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை தொடர்ந்தமை இதற்குத் தக்க சான்று. தமிழ்நாட்டுச் சாலைகளில் இருவகை ஊர்திகளும் அடுத்தடுத்து ஓடின. இரண்டிலும் பழகிய ஓட்டுநர் பலர் இருந்தனர். எந்தப் பணி எந்த உறுப்புக்கு என்பது பழக்கத்தின் பாற்பட்டது என்பதற்கு இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

விதி 123 பொதுச்சாலை ஊர்திகளுக்கு உரியது. ஆயினும் ஒரே தொழிற்கூடத்தில் இருவகை ஊர்திகளையும் செய்த நிறுவனங்கள், மண்பாதை ஊர்திகளிலும் அதே அமைப்பைப் பின்பற்றின. அவ்விதியின் பயன் பெரிது. எந்த ஊர்தியிலும் எவரும் குழப்பமின்றி ஏறி ஓட்ட முடிந்தது. அதே வேளையில், ‘எவரும்’ என்னும் சொல்லின் எல்லையும் அவ்விதியால் வரையப்பட்டது. இரு கைகளும் இரு கால்களும் முழுமையாக உள்ளவரே அச்சொல்லுக்கு உரியவரானார். மற்றவர்க்கு வேண்டிய அமைப்பு ‘மாற்றியமைத்தல்’ எனவும் விதிவிலக்கு எனவும் பெயர்பெற்றது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்பினின்றும் ஊர்தியை மாற்றுவதைத் தடுக்கிறது. உடற்குறையுள்ளவர்க்கான தகவமைப்பு ஊர்தியைப் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு கூடிய விதிவிலக்காகவே 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஏற்கிறது. இங்கும் அதே தர்க்கம் தொழிற்படுகிறது.

4. உணவுத்தட்டும் ஒற்றைக்கையும்

ஒரு கையால் ஓட்டத்தக்க ஊர்தி மிகப்பெரும் எண்ணிக்கையில் உருவான வரலாறு மருத்துவமனையிலோ மறுவாழ்வு நிலையத்திலோ தொடங்கவில்லை. அது தோக்கியோவின் சோபா நூடுல்ஸ் கடைகளிலிருந்து தொடங்குகிறது. ஹோண்டா நிறுவனத்தின் சோய்ச்சிரோ ஹோண்டாவும் தக்கேயோ ஃபுஜிசாவாவும் புதிய சிற்றூர்தி ஒன்றைத் திட்டமிட்டபோது, ஒரு கையில் உணவுத்தட்டை ஏந்திய கடைப்பையன் மறுகையால் அதனை ஓட்ட முடிதல் வேண்டும் என்பதை ஒரு தேவையாக வைத்துக்கொண்டனர். 1958இல் வெளிவந்த சூப்பர் கப்பில் கிளட்ச் லீவர் இல்லை. எஞ்சினின் சுழற்சி வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் கிளட்ச் தானே பற்றிக்கொள்ளும். கியர் மிதியை அழுத்தும்போது தானே விடுபடும். ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் வலக்கையில் இருந்தன. திரும்புவிளக்கின் பொத்தானும் வலப்பக்கமே வைக்கப்பட்டது. இடக்கைக்கு எந்தப் பணியும் இல்லை.

இவ்வூர்தி மண்பாதைக்கு வந்த விதமும் எதிர்பாராதது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் போய்சி நகரில் ஹோண்டா ஊர்திகளை விற்ற ஹெர்ப் ஊல் என்பவர், சூப்பர் கப்பின் பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரத்தையும் முண்டு டயர்களையும் பொருத்தி, மலைப்பாதைகளில் செல்லத்தக்கதாக மாற்றி விற்றார். அவ்விற்பனையைக் கண்ட ஹோண்டா, 1961இல் தானே ‘டிரெயில்’ என்னும் பெயரில் அத்தகைய ஊர்தியை வெளியிட்டது. 1970இல் வெளியான, பலூன் போன்ற தாழ்காற்றழுத்த டயர்கள் கொண்ட மூன்று சக்கர ஏடிசி-யிலும் கைக்கிளட்ச் இல்லாத அரைத்தானியங்கி அமைப்பே அமைந்தது.

இவ்வாறு, இடக்கையால் ஒன்றும் செய்ய வேண்டாத சாலைசாரா ஊர்தி 1961 முதலே சந்தையில் இருந்துவந்துள்ளது. அதனைப் புதிதாகப் பழகுவோர்க்கு உரியதென்றும் உழவர்க்கு உரியதென்றும் விற்றனர். கைக்குறைபாடுள்ளவர்க்கு உரியது என எவரும் விளம்பரம் செய்யாவிடினும், அவர்களுக்குப் பட்டறை மாற்றம் எதுவுமின்றிப் பயன்பட்ட ஊர்தி அதுவே. ஒரு பொறியமைப்பு எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் யாருக்குப் பயன்பட்டது என்பதும் வேறுவேறு வினாக்கள் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

5. கட்டைவிரலின் பொறுப்பு

ஏடிவி என்னும் நான்கு சக்கர ஊர்தி வகை 1980களில் பெருகியது. பாதுகாப்புக் குறித்த வழக்கின் விளைவாக 1988இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்படிக்கையை அடுத்து, மூன்று சக்கர ஊர்திகளின் விற்பனை அமெரிக்காவில் நின்றது. நான்கு சக்கர ஏடிவிகளில் திருகுபிடிக்கு மாறாகக் கட்டைவிரலால் தள்ளும் ஆக்சிலேட்டர் பொதுவழக்காயிற்று. இதற்குப் பொறியியற் காரணம் உண்டு. மேடுபள்ளத்தில் உடல் பின்னோக்கித் தூக்கியெறியப்படும்போது, கைப்பிடியைப் பற்றிய மணிக்கட்டும் பின்னோக்கித் திரும்புகிறது. திருகுபிடியில் அது ஆக்சிலேட்டரை மேலும் திறந்துவிடும்; ஊர்தி மேலும் பாயும். கட்டைவிரல் லீவரிலோ, நான்கு விரல்களும் அசையாப் பிடியைப் பற்றியிருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே இயங்குகிறது.

எனினும், இவ்வமைப்பு ஊர்தியின் இயக்கம் முழுவதையும் ஒற்றை விரலின் மீது ஏற்றுகிறது. வலக்கைக் கட்டைவிரலை இழந்தவர்க்கும், அதன் அடிமூட்டில் அழற்சி உள்ளவர்க்கும் ஏடிவி ஓட்டுதல் அரிதாகிறது. இவர்களுக்குச் செய்யப்படும் மாற்றங்கள் இருவகை. முதலாவது, கட்டைவிரல் லீவரை அகற்றித் திருகுபிடியைப் பொருத்துதல். மேலே கூறிய பாய்ச்சல் ஆபத்தை அது மீண்டும் கொண்டுவருகிறது. இரண்டாவது, ஆக்சிலேட்டரை இடக்கைக்கு மாற்றுதல். இது தோற்றத்தில் எளிது. ஆனால், வலக்கைப்பிடியில் ஓட்டுநரை நோக்கித் திருகும் சுழற்சி இடக்கைப்பிடியின் முனையிலிருந்து பார்க்கையில் எதிர்த்திசையில் அமைகிறது. ஆகவே, வலப்பக்க உறுப்பை அப்படியே கழற்றி இடப்பக்கம் மாட்டினால் கேபிள் தவறான திசையில் இழுக்கப்படும். கண்ணாடி உருப்போல் திருப்பி அமைத்த உறுப்பு வேண்டும்.

வேறு மாற்றங்கள் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. போலாரிஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட தன் முதல் ஏடிவியிலேயே தானியங்கிக் கியரை அமைத்தது. இடக்கையின் ஒற்றை லீவரால் எல்லாச் சக்கரங்களையும் நிறுத்தும் ஏற்பாடு அந்நிறுவனத்தின் ஏடிவிகளில் வழக்கமானது. ஹோண்டா 1998இல் பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் மின்னமைப்பைக் கொண்டுவந்தது. இவை யாவும் வசதி கருதிச் செய்யப்பட்டவை. கையின் சுமையைக் குறைத்தவை.

6. கேபிளும் செயற்கைக் கையும்

கிளட்சையும் பிரேக்கையும் கையோடு இணைப்பது உறையினுள் ஓடும் முறுக்குக்கம்பி. எர்னஸ்ட் போடன் 1896இல் காப்புரிமை பெற்ற இக்கேபிள், வளைந்த பாதையிலும் இழுவிசையைக் கடத்தவல்லது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், விமானத் தொழிலில் பழகிய அதே வகைக் கேபிள் செயற்கைக் கைகளில் புகுந்தது. தோளை அசைத்தால் கேபிள் இழுபட்டுச் செயற்கைக் கையின் முனை திறக்கும். ஊர்தியின் கைப்பிடியில் ஓடியதும் கையிழந்தவரின் முழங்கையோரம் ஓடியதும் ஒரே பொறிநுட்பம் என்பது கருதத்தக்கது.

ஆனால், செயற்கைக் கை அணிந்தவர் மோட்டார் சைக்கிளை எளிதில் ஓட்டிவிடலாம் என்பது இதன் பொருளன்று. மரமறுக்கும் ஆலை விபத்தில் கையிழந்த டேவிட் டோரன்ஸ் 1912இல் காப்புரிமை பெற்ற பிளவுகொக்கி இன்றும் வழக்கிலுள்ளது. அதனை ரப்பர் வளையம் மூடிவைத்திருக்கும்; கேபிள் இழுத்தால் திறக்கும். பொருளை விடாது பற்றிக்கொள்ள இது சிறந்த கருவி. கிளட்ச் லீவரை மெல்ல மெல்ல விடுவிக்கும் அளவீட்டுத் திறம் அதற்கு இல்லை. மேலும், வீழ்ச்சியின்போது மனிதக் கை தானே விரிந்து பிடியை விட்டுவிடுகிறது. கைப்பிடியைப் பற்றிய கொக்கி அவ்வாறு விடுவதை உறுதியாக நம்ப இயலாது. விடாவிட்டால், உருளும் ஊர்தியோடு ஓட்டுநரும் இழுபடுவார்.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவருள் ஒருவர் பந்தய வீரரே. 1969ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியச் சாம்பியனான மெர்ட் லாவில், மண்தடப் பந்தயங்களில் புகழ்பெற்றவர். அவரோடு பந்தயமோட்டிய கிறிஸ் டிரேயர் 1967இல் பந்தய விபத்தொன்றில் இடக்கையை இழந்தார். பின்னாளில், டிரேயர் மீண்டும் ஊர்தி ஓட்டும்பொருட்டு லாவில் ஒரு செயற்கைக் கை முனையை வடிவமைத்தார். அது மனிதக் கையின் தோற்றத்தைப் பின்பற்றவில்லை. கைப்பிடியில் உறுதியாக இணைந்து, திசைதிருப்பும்போது மணிக்கட்டைப் போல் அசைந்து கொடுத்து, வேண்டும்போது விரைவில் விடுபடும்படி அமைந்தது. பின்னர் மற்ற ஓட்டுநர்க்கும் அது செய்து தரப்பட்டது.

‘எவ்வாறு பற்றுவது’ என்பதற்குச் சமமாக ‘எவ்வாறு விடுவது’ என்னும் வினாவையும் அவ்வடிவமைப்பு எதிர்கொண்டது. மண்தடத்தில் பலமுறை விழுந்து எழுந்தவர்க்கே அவ்வினாவின் எடை விளங்கும்.

7. உணர்வற்ற கை: வேலூர் தரும் வெளிச்சம்

கை இருந்தும் உணர்வு இல்லாத நிலையைப் புரிந்துகொள்ள வேலூரின் மருத்துவ வரலாறு துணைபுரிகிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாமையால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். 1951இல் அங்கே உருவான நவஜீவ நிலையத்தில், சிகிச்சை பெற்றோர் தச்சுவேலை முதலிய தொழில்களைப் பயின்றனர். கருவியைத் தேவைக்கு மேல் இறுகப் பற்றுதலும், விசை முழுதும் சிறு பரப்பில் குவிதலும் உணர்வற்ற கையைப் புண்ணாக்கும் என்பது அங்குப் பெற்ற பாடங்களுள் ஒன்று.

இப்பாடம் ஊர்திக் கைப்பிடிக்கும் அப்படியே பொருந்தும். உணர்வு குன்றிய கை தான் எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதை அறியாது. எஞ்சினின் அதிர்வு, மெல்லிய லீவரின் விளிம்பு, சூடேறிய உலோகம் ஆகியன அக்கையை உணராமலே காயப்படுத்தும். தடித்த மென்பிடி, அகன்ற லீவர், அதிர்வடக்கும் பொருத்து, ஓட்டத்தின் இடையே கையைக் கண்ணால் பார்த்தறியும் பழக்கம் ஆகியன இந்நிலைக்கு உரிய தகவமைப்புகள். இங்கு லீவரை இடம் மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. குறைபாட்டின் வகை அறியாது செய்யும் மாற்றம் வீணாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

8. தகவமைப்பு பொதுப்பொருளாதல்

1992இல் அசென் பந்தயத்தில் வலக்கால் கடுமையாகச் சிதைந்த மிக் டூஹன், அடுத்த ஆண்டு பின் பிரேக்கை இடக்கைக் கட்டைவிரலால் இயக்கும் லீவரோடு களமிறங்கினார். காற்குறைக்காகச் செய்த அவ்வமைப்பைப் பின்னாளில் குறைபாடு ஏதுமில்லாத வீரர்களும் விரும்பி ஏற்றனர். வலப்புறம் சாய்ந்து திரும்பும்போது காலால் எட்டாத பிரேக் அவர்களுக்குக் கையால் எட்டியது.

எதிர்த்திசைப் பயணமும் நிகழ்ந்தது. மண்பாதை ஊர்திகளுக்கான தானியங்கு கிளட்சுகளை ரெக்லூஸ் நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து விற்கத் தொடங்கியது. அந்நிறுவனமும் ஹெர்ப் ஊல் இருந்த அதே போய்சி நகரைச் சார்ந்தது. இரட்டைக் கிளட்ச் தானியங்கி அமைப்பை 2010இல் சாலை ஊர்தியில் அறிமுகப்படுத்திய ஹோண்டா, 2016ஆம் ஆண்டின் ஆப்பிரிக்கா ட்வின் மூலம் அதனை மண்பாதைக்கும் கொணர்ந்தது. அதில் கிளட்ச் லீவரும் இல்லை, கியர் மிதியும் இல்லை. இவை வல்லவரின் வசதிக்காகச் செய்யப்பட்டு, கைக்குறைபாடுள்ளவர்க்கு வாயில் திறந்தவை.

மறுபுறம், தேவையுள்ளோர் தாமே அமைப்பாகத் திரண்டதும் இக்காலத்தில்தான். பிரித்தானியாவில் 1991இல் தோன்றிய மாற்றுத்திறனாளி மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்க்கான தேசியச் சங்கம், ஊர்திகளைத் தகவமைக்க நிதியுதவியும் வழிகாட்டலும் அளித்துவருகிறது.

9. கைவிடக்கூடாத நெறிகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து தகவமைப்புக்கான நான்கு நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கையை விட்டால் ஊர்தி ஓய்வுக்குத் திரும்புதல் வேண்டும். ஆக்சிலேட்டர் எந்த உறுப்புக்கு மாற்றப்பட்டாலும், தானே மூடிக்கொள்ளும் சுருள்வில்லின் விசை குறையலாகாது. வலிமை குன்றிய விரலுக்கு எளிதாக்கும் நோக்கில் வில்லைத் தளர்த்துவது பட்டறைகளில் நேரக்கூடிய பிழை. லீவரின் நீளத்தைக் கூட்டி விசையைக் குறைப்பதே தக்க வழி. நகரும் தொலைவு சற்று மிகும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பிரேக்குகளை இணைப்பதில் நிலத்தின் இயல்பு கருதப்படுதல் வேண்டும். மோட்டோ குஸ்ஸி 1975இல் தன் 850 டி3 ஊர்தியில் ஒரு மிதியால் முன்பின் பிரேக்குகளை ஒருங்கே இயக்கியது. கெட்டிச்சாலைக்கு அது பொருந்தும். தளர்ந்த மண்சரிவில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஊர்தி வழுக்கி வீழும். எனவே, ஒரே கைக்கு இரு பிரேக்குகளையும் தரவேண்டிய நிலையில், இரண்டையும் ஒன்றாக்குவதைவிட, ஒன்றன்கீழ் ஒன்றாக இரு தனி லீவர்களை அமைப்பதோ, ஒன்றைக் கட்டைவிரலுக்குத் தருவதோ மண்பாதைக்கு ஏற்றது.

மூன்றாவது, ஒரு கையால் திசைதிருப்புவோரின் ஊர்தியில், கல்லில் மோதிய முன்சக்கரத்தின் உதறல் ஒருபக்கமாகவே தாங்கப்படுகிறது. திசையதிர்வைத் தணிக்கும் டாம்பர் அங்கே அலங்காரமன்று. இழந்த கையின் பாதிப் பணியை அதுவே ஏற்கிறது.

நான்காவது, செயற்கைக் கையோ பிணைப்புப் பட்டையோ எதுவாயினும், வீழும் கணத்தில் அது உடலை விடுவித்தல் வேண்டும். கைப்பிடியோடு கையைக் கட்டிக்கொண்டு ஓட்டுதல் எந்நிலையிலும் தகவமைப்பு ஆகாது.

முடிவுரை

ஆக்சிலேட்டர் வலக்கைக்கும் கிளட்ச் இடக்கைக்கும் உரியன என்பது இயற்கை நியதியன்று. வெவ்வேறு தொழிற்கூடங்களில் வெவ்வேறாகத் தொடங்கி, பந்தயத்தின் தேவையால் திருத்தம் பெற்று, 1974இல் விதியாக உறைந்த வரலாற்று விளைவு அது. குழப்பத்தை நீக்கிய அவ்விதி உயிர்களைக் காத்தது என்பதையும், ஓட்டுநரின் உடல் இத்தகையது என்னும் முன்முடிவை நிலைநிறுத்தியது என்பதையும் ஒருங்கே ஏற்க வேண்டும்.

கைக்குறைபாடுள்ள ஓட்டுநர்க்கு உதவிய அமைப்புகளுட் பல, உணவுத்தட்டு ஏந்திய கடைப்பையனுக்காகவும், மலைப்பாதையில் சென்றவர்க்காகவும், வெற்றி நாடிய பந்தய வீரர்க்காகவும் செய்யப்பட்டவை. லாவிலின் செயற்கைக் கையைப் போல, ஒரு நண்பனின் இழப்பிலிருந்து நேரே பிறந்தவை சிலவே. முன்னவை பெருந்தொகையாக உற்பத்தியாயின. பின்னவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்யப்பட வேண்டியிருந்தன. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவே இன்றுவரை தீராத சிக்கலாகும்.

அத்தொலைவைக் குறைக்கும் வழியையும் வரலாறே காட்டுகிறது. விதியின் உட்பொருளான ‘கைவிட்டால் நிற்றல்’, ‘குழப்பமின்மை’ ஆகிய நெறிகளைக் காத்துக்கொண்டு, எந்தப் பணி எந்த உறுப்புக்கு என்பதை மட்டும் நெகிழ்த்த இயலும். லீவரை இடம் மாற்றிப் பொருத்தத்தக்கதாகத் தொழிற்சாலையிலேயே அமைத்துவிட்டால், தகவமைப்பு விதிவிலக்காக இராது. ஊர்தியின் இயல்பான கூறாகிவிடும். இருக்கையின் உயரத்தையும் கண்ணாடியின் கோணத்தையும் ஓட்டுநர்க்கேற்ப மாற்றிக்கொள்வதை எவரும் சலுகை என எண்ணுவதில்லை. லீவரும் அவ்வரிசையில் சேர்தல் வேண்டும்.